அவருடைய அத்தியாயம்

வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு அரசுப் பேருந்து, அதற்கு முன்னால் செங்கல் லாரி, அதற்கும் முன்னால் எதுவும் தெரியவில்லை, மழைதான். தலையில் துண்டைப் போட்டபடி எதிரே நடந்துவந்த ஒருவர், வில்லுக்குறிப் பக்கம் மரம் விழுந்துகிடக்கிறது, எடுக்க நேரமாகும் என்று ஒவ்வொரு சன்னலாகச் சொல்லிக்கொண்டே போனார். வில்பிரட் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வைப்பர் பாதியிலேயே நின்றது. அது நின்றதும் இந்த வண்டியின் முன்பக்கம் எவ்வளவு சின்னது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என் முழங்காலுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு கை வைக்கத்தான் இடம். பின்னால் பாட்டரிப் பெட்டிகள். வில்பிரட் வடசேரியில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறார். அவருடைய தங்கை சாலமி என்னோடு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று என்னிடம் கேட்டிருந்தாள், இதெல்லாம் அவள் செய்த ஏற்பாடு. மார்த்தாண்டத்தில் கல்யாண வரவேற்பு முடிந்து கை கழுவப் போன என்னைப் பிடித்து நிறுத்தி, "சுகிர்தா, பஸ்ஸுல நனைஞ்சு போகாண்டாம். அண்ணன் வண்டி நாகர்கோவிலுக்குத்தான் போகுது, முன்னால இடம் இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வழியில ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் எனக்கு ஒரு பதில் சொல்லிரு. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. அவன் காத்துக்கிட்டு இருக்கதை இனியும் பாக்க எனக்கு வய்யா" என்றாள். பேசிக்கொள்ளச் சொன்னாள். மார்த்தாண்டத்திலிருந்து இதுவரை அவர் சொன்னது, சீட் பெல்ட் முறுக்கிக் கிடக்கும், நேராக்கிக்கிடுங்க. நான் சொன்னது, சரி.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சபையில் எல்லோரும் பிரதர். சாலமிக்கு அண்ணன் என்பதால் நானும் முன்பெல்லாம் அண்ணன் என்றுதான் சொல்லியிருக்கிறேன், இரண்டு மூன்று முறை, ஏதோ சபை விருந்தில், அசனப் பந்தியில், அண்ணன் கொஞ்சம் சாம்பார் என்று. இனி அது முடியாது. பிரதரும் முடியாது. பெயரைச் சொல்ல வாய் வராது. அதனால் அவருக்கு என்னிடம் பெயரே இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, ஸ்டியரிங்கில் சும்மா கிடக்கும் விரல்கள். ஒரு விரல் நகம் கறுத்திருக்கிறது, பாட்டரி விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நேராகப் பார்க்கவே முடியாது, விரல்தான் தெரியும், முகம் தெரிவதில்லை. குதிரை வண்டியிலும் இப்படித்தான் என்று நினைத்தேன், நினைத்ததும் காது சூடாகிவிட்டது. எந்தக் குதிரை வண்டி. நாற்பத்தொரு வயதில் நான் ஏறியது மொத்தம் பஸ், ரயில், ஆட்டோ. ஆனாலும் கதைகளில் படித்துப் படித்து அந்தக் குதிரை வண்டி எனக்கு நன்றாகத் தெரியும். கறுப்புப் பெட்டிபோல இருக்கும். ஞாயிறு மாலை பாட்டுக் கூட்டம் முடிந்ததும் அந்தப் பையன் அந்தப் பெண்ணிடம் உன்னை வீட்டில் விடட்டுமா என்று கேட்பான். அவள் ஏறி உட்காருவாள். இருவரும் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் படித்துக்கொண்டிருப்பேன்.

ஆமிஷ் என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம். நம்மைப்போல வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். கரண்ட் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கார் ஓட்ட மாட்டார்கள், பெண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி, உடம்பில் ஒரு பொட்டு நகை கிடையாது. அவர்களைப் பற்றிய முதல் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தபோது நம்மூர்ப் பெந்தெகொஸ்தே சபை அம்மாமார் கோதுமை வயலில் நிற்பதுபோல இருந்தது. ஒஹையோவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்த யாரோ எங்கள் சபை நூலகத்துக்கு ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் நாவல்கள் கொடுத்தார்கள். அடுக்கி வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். எல்லா அட்டையிலும் ஒரே பெண், ஒரே வயல், முகத்தைக் கொஞ்சம் திருப்பி நிற்பாள். ஒன்றைத் திறந்தேன். ஒருத்தி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரன் அவள் கேட்காமலே அவளுடைய தொழுவத்துக் கதவுக்குக் கீல் மாட்டிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போது நான் கணவனாக இருந்த ஆல்வின் வீட்டிலிருந்து வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். அதற்கு முன் அழுகை வரவில்லை. அம்மாகூட, இவ கல்லு மாதிரி இருக்கா என்று போதகரிடம் சொன்னாள். ஒரு கீல் மாட்டியதற்கு அழுதேன்.

சாலமி கேலி செய்வாள். மிக்சி இல்லாம சட்னி அரைப்பியா நீ, ரெண்டு நாள் தாங்கமாட்ட, அங்க கொண்டுபோய் விட்டா மூணாம் நாளு சுவரேறிக் குதிச்சு வருவ. உண்மைதான். இதை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்தச் சபைக்காரர்கள் இல்லையாம், ஏசி அறையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் நானும் என்னைப்போன்றவர்களும், கையில் போனை வைத்துக்கொண்டு விளக்கில்லாத ஊரைப் படிக்கிறோம். அந்தத் தொப்பிப் பெண்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள். சிரிப்பார்களோ. அவர்கள் வீட்டிலும் ஒரு ஆல்வின் இருப்பானோ, அதை யார் எழுதுவார்கள். எல்லாம் தோன்றியிருக்கிறது. தோன்றிய பிறகும் அடுத்ததைத் திறந்திருக்கிறேன். ஏனென்றால் அங்கே யாரும் நன்றாகப் பேசுவதில்லை. எனக்கு வேண்டியது அதுதான், நன்றாகப் பேசாத ஆண்கள். ஆல்வின் நன்றாகப் பேசுவான். பாடகர் குழுவின் முதல் குரல் அவன். சாட்சி சொல்ல எழுந்தால் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவன் சொன்ன வாக்கியங்களை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகு. பிறகு அதே குரலில் வீட்டுக்குள் என்னைப்போலவே பேசிக் காட்டுவான். நான் கடைக்காரரிடம் திக்கியது, நான் மாமியிடம் வார்த்தை தவறியது, எல்லாவற்றையும் என் குரலில், என் தலையாட்டலோடு, நாள் முழுவதும். அடித்ததில்லை. கத்தியதுகூட அபூர்வம். அம்மாவுக்கு அதனால்தான் கடைசிவரை புரியவில்லை, பேசத்தானே செஞ்சாரு என்றாள். நான் வாயைத் திறப்பதை நிறுத்தினேன். திறந்தால் அது நாளைக்கு எனக்கே திரும்பி வரும். அந்தக் காலத்தில் என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு குதிரை லாடக்காரன், அத்தியாயத்துக்கு மூன்று வார்த்தை பேசுகிறவன், அந்த மூன்றிலும் ஒன்று குதிரையிடம், அவன் எனக்கு எப்படி இருந்திருப்பான்.

பக்கத்தில் இருப்பவரும் பேசாதவர்தான். சாலமி அதைத்தான் முதலில் சொன்னாள், அண்ணன் அதிகம் பேசமாட்டான் பாத்துக்கோ, ஆனா நல்லவன். அந்த ஆனா எனக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. புத்தகத்தில் அந்த ஆனா தேவையில்லை. அங்கே பேசாதவன் நல்லவன்தான், அது அட்டையிலேயே தெரிந்துவிடும். அது மட்டுமில்லை, ஒரு அத்தியாயம் அவளுடையது என்றால் அடுத்தது அவனுடையது. அவன் முகத்தை இறுக்கிக்கொண்டு போய்விட்டானே என்று நாம் பதறும்போது பக்கம் திரும்பும், அவனுடைய உள்ளே போய்விடுவோம், அங்கே அவன் அவளுடைய கை சுட்டதை நினைத்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பான். எத்தனை ஆறுதல் அது. அந்த அத்தியாயத்துக்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறோமோ என்னவோ. இங்கே நான் எந்தப் பக்கத்தைத் திருப்புவேன். இவருடைய மனைவி ஷைனி காய்ச்சலில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவளோடு இவர் எப்படி இருந்தார். யாரிடம் கேட்பது. தங்கையிடம் கேட்டால் தங்கை சொல்வதைத்தான் சொல்வாள். பேசாமை என்பதும் ஒரு வீட்டுக்குள் என்னவெல்லாமோ செய்யும். ஆல்வின் பேச்சில் செய்ததை இவர் பேசாமலே செய்திருக்கலாம். அன்று ஒரு குரலை நம்பியதுபோல இப்போது ஒரு மௌனத்தை நம்புகிறேனோ. மழை கூரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. பேருந்திலிருந்து ஒரு குழந்தை கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்தது. உள்ளிருந்து ஒரு கை அந்தக் கையை உள்ளே இழுத்தது.

"சாலமி சொன்னா," என்றார் அவர். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் பேருந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஏதோ கதை படிப்பீங்களாமே. குதிரை வண்டிக்காரங்க கதை." சாலமியின் கழுத்தைத் திருகலாம் என்று வந்தது. "ஆமா," என்றேன். பிறகு அதோடு விட்டுவிட மனமில்லாமல், "அவங்களும் வேதக்காரங்கதான். கரண்ட் வச்சுக்கிட மாட்டாங்க" என்றேன். "கரண்டே வச்சுக்கிட மாட்டாங்களா?" "மாட்டாங்க." அவர் உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "அப்ப அங்க நம்ம கடை போட முடியாது," என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கன்னம் கொஞ்சம் அசைந்தது. "ராத்திரி என்ன செய்வாங்க?" "மண்ணெண்ணெய் விளக்கு. எல்லாரும் அந்த ஒரு மேசையைச் சுத்தி உக்காருவாங்க. வேற அறையில வெளிச்சம் இருக்காதுல்லா." "அது நல்லாத்தான் இருக்கும்," என்றார். "எங்க வீட்டுல மூணு பேரும் மூணு ரூம்ல." அவரும் மகளும் போக மூன்றாவது ஷைனியின் தாய், அவர்களோடுதான் இருக்கிறார். நான் கேட்காமலே அதையும் சொன்னார், "அத்தை எங்ககூடத்தான் இருக்காங்க. அனுப்ப முடியாது, அவங்களுக்கு வேற ஆளில்ல. அது உங்களுக்கு முதல்லயே தெரியணும்." தெரியும் என்றேன். அவர் தலையசைத்தார். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. எந்த நேரமும் அதற்காகக் காத்திருக்கிறேன்போல, என் தோள் இறுகித்தான் இருந்தது. சொன்னது சொன்ன இடத்தில் கிடந்தது.

அவருடைய போன் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்ததால் எடுத்ததும் குரல் வண்டி முழுக்கக் கேட்டது, பதினொரு வயதுக் குரல். "அப்பா, கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்துது." மகள் ஜெர்லின். கோயிலில் பார்த்திருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து பைபிளுக்குள் எதையோ வைத்து வரைந்துகொண்டிருப்பாள். "வாட்டர் மோட்டாரைப் போட்டிருக்கியா?" "ஆச்சி போட்டாங்க." "அதை அணைச்சிட்டு, பின்னால சிவப்பு சுவிட்ச் ஒண்ணு இருக்கும் பாரு, அதை ஒரு மட்டம் அமுக்கு." காலடிச் சத்தம், ஏதோ விழுந்த சத்தம், பிறகு அமைதி. "நின்னுச்சு," என்றாள். பிறகு குரல் மாறியது. "அப்பா, போட்டோ பத்திக் கேட்டியா?" அவர் போனை நோக்கிக் கையைக் கொண்டுபோனார், ஸ்பீக்கரை அணைக்க, அணைக்கத் தெரியாமலோ முடியாமலோ கை பாதியில் நின்றது. "வந்து சொல்லுகேன் மக்கா." "கேக்கேன்னு சொன்னேல்லா." "வந்து சொல்லுகேன்." வைத்துவிட்டார். "ஷைனிக்க போட்டோ ஹால்ல இருக்கு," என்றார். "அதை எடுக்கச் சொல்லிருவீங்களோன்னு பிள்ளைக்குப் பயம்." எடுக்காண்டாம், அங்கயே இருக்கட்டும்னு சொல்லுங்க என்றேன். சொல்லும்போதே, அப்படியானால் என்ன அர்த்தம், நான் அந்த ஹாலில் இருப்பதாக நானே சொல்லிவிட்டேனா என்று உள்ளே ஒன்று பதறியது. இன்னொன்று அந்தப் பிள்ளை இந்தக் கேள்வியை எத்தனை நாள் வைத்திருந்தாளோ என்று போனது. கதைகளில் ஏழாவது அத்தியாயத்தில் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள். ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தால் போதும். இவள் ஒட்டமாட்டாள், எனக்குத் தெரிகிறது, நாளாகும், பைபிளுக்குள் வரைந்துகொண்டே இருப்பாள். இருக்கட்டும்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கார் வந்தது. தவறான பக்கமாக, வரிசையையெல்லாம் தாண்டி, எதிரே ஆம்புலன்ஸ் ஏதாவது வந்தால் போக விட்டிருந்த வழியில் ஏறி வந்து, எங்களுக்கு முன்னால் நுழையப் பார்த்து வண்டியின் பக்கக் கண்ணாடியில் இடித்தது. கண்ணாடி மடங்கி உடைந்தது. வில்பிரட் கையால் ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தார். சன்னலை இறக்கினார். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? இறங்குல கீழ," என்று கத்தினார், அதற்கு மேலும் சொன்னார். அந்தச் சின்ன இடத்தில் அந்தக் குரல் எங்கேயும் போக வழியில்லாமல் என்மேல் விழுந்தது. மழை உள்ளே அடித்தது. காரில் இருந்தவன் ஏதோ திருப்பிச் சொன்னான், பின்னால் எடுத்தான். நான் என் கையைப் பார்த்தேன். அது கதவின் கைப்பிடியில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. நான் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போயிருக்கிறது, விரல்கள் வெளுத்திருந்தன. இறங்கி நடக்கலாம். மழைதானே. தக்கலைப் பக்கமாகத் திரும்பி நடந்தால் ஏதாவது ஆட்டோ கிடைக்கும். சாலமியிடம் இல்லை என்று சொல்லிவிடலாம், இல்லைன்னாலும் சரி என்றுதானே சொன்னாள். திங்கட்கிழமை நூலகம், டிபன் டப்பா, வயலில் நிற்கும் பெண். அங்கே யாரும் கத்துவதில்லை. கத்துகிறவன் வில்லனாக இருப்பான், அவனை முதலிலேயே தெரிந்துவிடும்.

அவர் சன்னலை ஏற்றிவிட்டுத் திரும்பினார். என் கையைப் பார்த்தார். கையையே பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் கைப்பிடியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் பேசியது எப்படியென்று எனக்கே தெரியவில்லை, எத்தனையோ வருடம் வாயை மூடியே இருந்தவள். "உங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீங்க?" என்றேன். "இப்ப பாத்தீங்கல்லா," என்றார். "ரோட்டுல இல்ல. வீட்டுல." அவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். "கத்துவேன்," என்றார். "ஷைனிட்ட கத்தியிருக்கேன். ஒரு மட்டம் சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டேன், மீன்கறி சுவத்துல எல்லாம் தெறிச்சிட்டு. அவ துடைக்கல. ஒரு வார்த்தையும் பேசல, பிள்ளையைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா. மறுநாள் நான்தான் துடைச்சேன், மஞ்சக் கறை போகல. பெயிண்ட் அடிக்க நான் ஆளைக் கூட்டிட்டு வந்தா, அவ வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா. இருக்கட்டும், நீங்க தினமும் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னு சொன்னா. இன்னைக்கும் இருக்கு. வந்தா பாக்கலாம்." மூச்சு விட்டுக்கொண்டார். "அதுக்குப் பிறகு கோவம் வந்தா எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிருவேன். எப்பவும்னு சொல்லமாட்டேன். பாதி நேரம் கத்திட்டுத்தான் போவேன். கை நீட்டினதில்ல. அது ஒரு பெருமைன்னு சொல்லல. கேட்டீங்க, அதான்."

பாட்டரி எத்தனை வருடம் வரும் என்று கேட்ட ஆளிடம் உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆல்வின் இதைச் சொல்லியிருந்தால் கண்ணீர் வந்திருக்கும், அவனுக்கும் எனக்கும், நான்தான் அவனைத் தேற்றியிருப்பேன். இவர் சொன்னதில் தேற்றுவதற்கு ஒன்றும் இல்லை. லாடக்காரனும் இதைச் சொல்லமாட்டான், அவனிடம் சொல்ல ஒன்றுமே இருக்காது, அவன் சுவரில் கறை இல்லை. நான் இவருக்குள் போய்ப் பார்க்கவில்லை, இவராகவே வெளியே எடுத்து வைத்தார், அதுவும் அழகாக இல்லாத ஒன்றை. அதைவிட எனக்கு ஷைனிதான் பிடித்தது. இத்தனை நாள் அவள் ஒரு போட்டோ, பாவம் என்று எல்லோரும் சொல்லும் ஒரு பெயர். இப்போது பெயிண்டரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள். அவளுக்குப் பயம் இருந்திருக்காது. பயந்தவள் முதலில் சுவரைத்தான் துடைப்பாள். எனக்குத் தெரியும், கறையில்லாத சுவரைக்கூட நான் எத்தனையோ முறை துடைத்தவள். இவரோடு இருந்தவள் துடைக்காமல் இருந்திருக்கிறாள், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், இவர் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறார், அவள் போன பிறகும். யாரிடம் கேட்பது என்று இருந்தேனே. அவளே சொல்லிவிட்டாள். என் கை மடியில் இருந்தது. எப்போது வந்தது என்று அதுவும் தெரியவில்லை. "சிரிக்கீங்களா?" என்றார் அவர், பயந்ததுபோல. "உங்க வீட்டுக்காரியை நினைச்சேன்," என்றேன். "நல்லா செஞ்சிருக்காங்க." "ஆமா," என்றார் அவர். "நல்லாத்தான் செஞ்சா."

பேருந்து உறுமியது. தூரத்தில் யாரோ கையை ஆட்டினார்கள், செங்கல் லாரி நகர்ந்தது. மழை விட்டிருந்தது, ரோட்டோரம் வாழையிலைகளில் வெளிச்சம் திரும்பியிருந்தது. அவர் சாவியைத் திருப்பினார், வைப்பர் பாதியிலிருந்து எழுந்து மிச்சத்தைத் துடைத்தது. நாளைக்குச் சாலமி கோயில் வாசலில் நிற்பாள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. அவளிடம் நான் சொல்ல, அவள் இவரிடம் சொல்ல, ஒவ்வொரு வாயாக மாறிப் போகும் அந்த வார்த்தை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பயம் போகவில்லை. அது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அதற்கும் இடம் இருந்தது. "சாலமிட்ட நாளைக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றேன். அவர் கை கியரில் நின்றது. "சரி," என்றார் மெதுவாக. "பரவாயில்ல. நான் அவள்ட்ட சொல்லிக்கிடுகேன்." அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டுவிட்டார். புத்தகமாக இருந்தால் இதை வைத்தே இன்னும் பத்து அத்தியாயம் ஓட்டியிருப்பார்கள். "சரின்னு சொல்லிருங்க," என்றேன். "என்னது?" "எனக்குச் சரின்னு. நீங்களே அவட்ட சொல்லிருங்க."

வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. கிளட்சை விட்டுவிட்டார். அவர் கை சாவியைத் தேடியது, அது இருந்த இடத்தில்தான் இருந்தது, அவருக்குத்தான் அகப்படவில்லை. பேருந்து போய், முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரனை அழுத்தத் தொடங்கினார்கள், ஒருவர் சன்னலில் தலையை நீட்டித் திட்டுவதுகூடக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இருங்கடே," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "ஒரு நிமிஷம் இருங்க."